எதுவும் நடக்கவில்லையாம், அதனால் தேவையே இல்லையாம்!

மணல்மூட்டை | காலை 7:42

பக்கத்து இழையில் கணக்கப்பிள்ளை எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பார்க்காதவர்களுக்காக அவர் சொன்னதை அப்படியே போடுகிறேன்: "நெருக்கடி மேலாண்மை என்பது பயத்தைக் காசாக்கும் தொழில். நவீன சமூகம் அதை ஏற்றுக்கொள்ளத் தடுமாறுவது அறியாமையால் இல்லை, அனுபவத்தால். புலி வருது, புலி வருது என்று பத்து முறை கேட்டவன் பதினோராவது முறை கதவைச் சாத்த மாட்டான்." இதற்கு முப்பத்தொரு விருப்பக்குறி வேறு!

முப்பத்திரண்டு வருஷம் ஆலைப் பாதுகாப்பிலேயே காலம் தள்ளியவன் நான். எதுவும் நடக்காவிட்டால் "உனக்கெல்லாம் எதற்குச் சம்பளம்?" என்பார்கள். ஏதாவது நடந்துவிட்டால் "நீ இருந்து என்ன புண்ணியம்?" என்பார்கள். இந்த இரண்டைத் தவிர வேறொரு கேள்வியை எந்த மேலாளரும் என்னிடம் கேட்டதில்லை.

ஃபுதாய் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டிருக்கிறாரா? ஜப்பானின் வடகிழக்குக் கரையில் இருக்கும் மீனவ கிராமம். 2011-இல் அங்கே சுமார் மூவாயிரம் பேர். 1896, 1933 என்று இரண்டு ஆழிப்பேரலைகளில் அந்த ஊர் 439 உயிர்களைக் கொடுத்தது. 1933-இல் மண்ணிலிருந்து பிணங்களைத் தோண்டி எடுத்ததைக் கண்ணால் பார்த்த வாமுரா என்பவர் பிறகு ஊர்த்தலைவர் ஆனார். ஆற்று முகத்தில் 15.5 மீட்டர் உயரத்துக்கு மதகு கட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். இவ்வளவு உயரம் எதற்கு என்று சபையிலேயே முணுமுணுப்பு. 1972-இல் தொடங்கி 1984-இல் முடித்தார்கள். செலவு 356 கோடி யென். 1997-இல் அவர் இறக்கும்வரை அந்த மதகுக்கு ஒரு வேலையும் வரவில்லை.

2011 மார்ச் 11. கரையோர ஊர்களெல்லாம் துடைத்தெடுக்கப்பட்டபோது ஃபுதாய் ஊருக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. ஊர்க்காரர்கள் அவர் கல்லறைக்குப் போய் நன்றி சொல்லிவிட்டு வந்தார்கள். பயத்தைக் காசாக்கியவர் கல்லறைக்கு யாராவது பூ வைப்பார்களா, கணக்கப்பிள்ளை?

கணக்கப்பிள்ளை | காலை 8:15

என் பெயரில் இழை திறந்ததற்கு நன்றி. எல்லாவற்றுக்கும் பிறகு வருகிறேன், முதலில் இந்த "ஒரு சொட்டு".

மதகின் கோபுரத்தில் அன்று பதிந்த நீர்த்தடம் ஏறக்குறைய 20 மீட்டர். மதகின் உயரம் 15.5. இருபதிலிருந்து பதினைந்தரையைக் கழித்துவிட்டு வாருங்கள். அதற்குப் பெயர் சொட்டா?

தண்ணீர் மேலே வழிந்தது ஐயா. உள்ளே வந்தது. நீங்கள் எழுதியது தவறு.

தீக்குச்சி | காலை 8:21

தேநீரோடு வந்துவிட்டேன். ஆரம்பியுங்கள்.

மணல்மூட்டை | காலை 8:40

நான் "ஊருக்குள்" என்று எழுதியிருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கவும். மதகுக்கு அப்பால் விழுந்த தண்ணீர் வேறு, ஊருக்குள் புகுந்த தண்ணீர் வேறு. அலையின் வேகம் மதகில் முறிந்தது. மேலே தாண்டி வந்தது வீடுகளை எட்டவில்லை. சாவு என்று பார்த்தால், தன் படகைப் பார்க்க மதகுக்கு வெளியே கடலோரம் போன ஒருவர் மட்டும் காணாமல் போனார். மூவாயிரத்தில் ஒருவர். அவரும் வெளியே.

இதில் குறை கண்டுபிடிக்கிற மனசு எப்படிப்பட்டது என்று வாசகர்களே முடிவு செய்யட்டும்.

நீலாம்பல் | காலை 8:52

ஒரு சந்தேகம். நாம் மூன்று விஷயங்களை ஒரே பெயரில் கூப்பிடுகிறோமோ? மதகு கட்டுவது ஆபத்தைக் குறைப்பது. அலை வரும் நேரத்தில் யார் என்ன முடிவெடுப்பது என்பது நெருக்கடி மேலாண்மை. அப்புறம் ஊரை மீட்டெடுப்பது இன்னொன்று. எதை ஏற்கச் சமூகம் தடுமாறுகிறது என்று முதலில் பேசிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

கணக்கப்பிள்ளை | காலை 8:58

"ஊருக்குள்" என்றால் ஊரின் எல்லைக்குள். மதகுக்கு உட்புறம் ஊரின் எல்லைக்குள் வருமா, வராதா? ஆம் அல்லது இல்லை.

எழுத்துப்பிழை | காலை 9:05

இரு தரப்பும் கவனிக்க. ஏரியிலும் கால்வாயிலும் இருப்பது மதகு. ஆற்றின் குறுக்கே கரைக்குக் கரை கதவுகளோடு நிற்பது கதவணை. 205 மீட்டர் நீளத்துக்கு மதகு என்று எழுதுவதைப் படிக்கவே கஷ்டமாக இருக்கிறது.

மணல்மூட்டை | காலை 9:11

எழுத்துப்பிழை தம்பி, அலை வரும்போது "இது மதகா, கதவணையா?" என்று கேட்டுக்கொண்டு நில்லுங்கள். நாங்கள் மேட்டுக்கு ஓடிவிடுகிறோம்.

எழுத்துப்பிழை | காலை 9:13

நான் தம்பி இல்லை. எனக்கு 58 வயது.

இரவுப்பணி | காலை 9:47

இப்போதுதான் பணி முடிந்தது. தூங்கப் போகுமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சை 25 வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

2000-ஆம் ஆண்டுச் சிக்கல் நினைவிருக்கும். ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதிவைத்த பழைய நிரல்கள் 99-க்குப் பிறகு வரும் 00-வை 1900 என்று எடுத்துக்கொள்ளும். நான் அப்போது ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் கடைக்குட்டி. இரண்டு வருஷம் வரி வரியாகத் திருத்தினோம். சோதனை ஓட்டத்தில் ஒரு நிரந்தர வைப்புக் கணக்கு, முதிர்ச்சித் தேதி வருவதற்கு 100 வருஷம் முன்பே முதிர்ந்துவிட்டதாகக் காட்டி, வட்டியைக் கழித்தல் குறியோடு போட்டது. அந்தத் தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். 1999 டிசம்பர் 31 இரவு பன்னிரண்டு பேர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 12:00. 12:01. ஒன்றும் இல்லை. ஒருவர் கைதட்டினார், மற்றவர்கள் கொட்டாவி விட்டோம். விடுமுறை முடிந்து வந்த மேலாளர் கேட்ட முதல் கேள்வி: "ஒண்ணுமே ஆகலையே, இதுக்கா இவ்வளவு செலவு?"

இப்போது சொல்லுங்கள், அந்தச் சமூகம் அடுத்த முறை எப்படிக் காசு கொடுக்கும்?

கணக்கப்பிள்ளை | காலை 10:02

வாருங்கள், இதற்காகத்தான் காத்திருந்தேன். இத்தாலியும் ரஷ்யாவும் அமெரிக்கா அளவுக்கு மெனக்கெடவில்லை. கடைசி நேரத்தில் கொஞ்சம் தட்டிக்கொட்டியதோடு சரி. ஜனவரி 1 அங்கே என்ன ஆனது? அமெரிக்காவில் ஆனதேதான் ஆனது, அதாவது பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அமெரிக்கா கொட்டியது கிட்டத்தட்ட 10,000 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். உலகம் முழுக்க 30,000 கோடிக்கும் மேல். நானும் கணக்கு எழுதிப் பிழைப்பவன். இரண்டு கடையில் ஒரே சரக்கு, ஒருவன் கொடுத்த விலையைப் போலப் பல மடங்கு இன்னொருவன் கொடுத்தால் அவனை ஏமாளி என்போமா, தொலைநோக்காளன் என்போமா?

இரவுப்பணி | காலை 10:10

பெரிய மென்பொருள் நிறுவனங்கள் திருத்திய பதிப்பு எல்லா நாட்டுக்கும்தானே போனது? அவர்கள் கொடுத்த காசில் இத்தாலி குளிர் காய்ந்தது. திருத்தாத இடத்தில் என்ன ஆனது என்று பார்க்க வேண்டுமானால் இங்கிலாந்தின் ஷெஃபீல்டைப் பாருங்கள். கர்ப்பிணிகளின் வயதைக் கணினி தப்பாகப் போட்டதால், குழந்தைக்கு டவுன் நோய்க்குறி இருக்குமா என்ற பரிசோதனையில் 154 பெண்களுக்குத் தவறான முடிவு போனது. அது செய்தியில் ஒரு ஓரம். "ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்வதற்கு அந்த 154 பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

தூங்கப் போகிறேன்.

மணல்மூட்டை | காலை 10:31

இரவுப்பணிக்கு என் வணக்கம். ஆனால் பேச்சு மாறக் கூடாது. கணக்கப்பிள்ளை வழக்கம்போல நழுவுகிறார். ஃபுதாயில் வாய் அடைத்ததும் இத்தாலிக்கு ஓடிவிட்டார்.

2009-இல் இரண்டு அரசியல் அறிவியலாளர்கள் அமெரிக்கத் தேர்தல் முடிவுகளையும் பேரிடர்ச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். புயலடித்த பிறகு நிவாரணம் கொடுத்தவருக்கு மக்கள் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். புயலுக்கு முன்னாலேயே செலவு செய்தவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் முன்னேற்பாட்டில் போட்ட 1 டாலர், பின்னால் வரும் சேதத்தில் 15 டாலரை மிச்சப்படுத்துகிறது என்பது அவர்கள் மதிப்பீடு. நோய் இங்கேதான் இருக்கிறது. அறியாமையும் இல்லை, அனுபவமும் இல்லை. வராத அலைக்கு ரசீது கிடையாது, அவ்வளவுதான். கணக்கப்பிள்ளைக்கு ரசீது இல்லாத எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அது தொழில் பழக்கம்.

கணக்கப்பிள்ளை | காலை 10:44

தொழிலை இழுப்பது நாகரிகம் இல்லை.

நழுவவில்லை. இதோ திரும்பி வந்துவிட்டேன்: 20 கழித்தல் 15.5. நாலரை மீட்டர். நாலரை மீட்டர் சொட்டை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

தீக்குச்சி | காலை 10:46

நாலரை மீட்டர் சொட்டு என்று ஒரு குழு ஆரம்பித்திருக்கிறேன். சேர விரும்புகிறவர்கள் கை தூக்கவும்.

நீலாம்பல் | முற்பகல் 11:20

எங்கள் அலுவலகத் தீயணைப்பு ஒத்திகை பற்றிச் சொல்கிறேன். ஆறாவது மாடி. மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை, மற்றவர் எழுந்திருக்கிறாரா என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் மின்னஞ்சலை முடித்து, எழுத்துப்பிழை சரிபார்த்து (மன்னிக்கவும், உங்களைச் சொல்லவில்லை), அனுப்பிவிட்டுத்தான் எழுந்தார். படியில் இறங்கினால் கீழே அவசர வழிக் கதவில் சங்கிலி போட்டுப் பூட்டு. சாவி காவலாளியிடம். காவலாளி எங்கே? ஒத்திகைக்கு வந்தவர்களின் வருகைப் பதிவு எடுக்க வெளியே, மரத்தடியில் நிற்கிறார். யாரோ கண்ணாடி வழியாகக் கையைக் காட்டிக் கூப்பிட்டு, அவர் சுற்றிக்கொண்டு வந்து திறந்தார். இரண்டு நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள்: "ஒத்திகை வெற்றி. 4 நிமிடம் 10 வினாடி." சாவியைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

நான் கேட்பது இதுதான். பணம் கொடுக்க மறுப்பதா தடுமாற்றம், அல்லது கண்டுபிடித்த ஓட்டையை ஓட்டை என்று எழுதப் பயப்படுவதா?

மணல்மூட்டை | முற்பகல் 11:34

நீலாம்பல் அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு என் கட்சி. ஒத்திகை இருந்ததால்தானே பூட்டு தெரிந்தது?

கணக்கப்பிள்ளை | முற்பகல் 11:36

நூற்றுக்கு நூறு என் கட்சி. ஒத்திகை நடத்திய பிறகும் பூட்டு அப்படியேதானே இருந்தது? காகிதத்தில் வெற்றி. இதைத்தான் பயத்தைக் காசாக்குவது என்கிறேன்.

இன்னும் பெரிய காகிதம் வேண்டுமா? 2019 அக்டோபரில் உலகச் சுகாதாரப் பாதுகாப்புக் குறியீடு என்று 195 நாடுகளை வரிசைப்படுத்தினார்கள். கொள்ளைநோய்க்குத் தயார் நிலையில் முதலிடம் அமெரிக்கா, இரண்டாமிடம் பிரிட்டன். அடுத்த ஆறு மாதத்தில் என்ன ஆனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2004 ஜூலையில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கினால் என்ன செய்வது என்று "பாம்" என்ற கற்பனைப் புயலை வைத்துப் பல நாள் ஒத்திகை பார்த்தார்கள். பதிமூன்று மாதத்தில் கத்ரீனா என்ற நிஜப் புயல் வந்தது, நகரம் மூழ்கியது, கூரை மேல் ஆட்கள் நின்றார்கள். ஒத்திகைக் கோப்பு மட்டும் நனையாமல் இருந்திருக்கும்.

மணல்மூட்டை | பகல் 12:05

காகிதத்துக்கும் கான்கிரீட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவரிடம் என்ன பேசுவது? நான் தரவரிசையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேனா? நிற்கிற மதகைப் பற்றிச் சொன்னேன்.

கணக்கப்பிள்ளை | பகல் 12:09

கான்கிரீட்டா? சரி. ஃபுதாய்க்குத் தெற்கே அதே கரையில் தாரோ. 10 மீட்டர் உயரம், இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், ஊரைச் சுற்றிச் சுவர். வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போன சுவர். 2011-இல் அலை அதையும் தாண்டியது. கிட்டத்தட்ட 200 பேர் போனார்கள். சுவர் இருக்கிறதே என்று ஓடாமல் இருந்தவர்கள் அதில் உண்டு. உங்கள் கான்கிரீட்டுக்கு யார் பொறுப்பு?

எழுத்துப்பிழை | பகல் 12:12

சுவர் என்பது சரி. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மணல்மூட்டை | பகல் 12:40

தாரோவைச் சொன்னதற்கு நன்றி, என் வேலை மிச்சம். பத்து மீட்டர் போதும் என்றது யார்? "இவ்வளவு எதற்கு?" என்று கேட்ட கணக்கப்பிள்ளைகள்! 1896-இல் ஃபுதாயில் அலை 15 மீட்டர் எழுந்தது என்று முன்னோர் சொல்லக் கேட்டு, அதற்கு மேல் அரை மீட்டர் வைத்தார் வாமுரா. அந்த ஐந்தரை மீட்டர் வித்தியாசம்தான் உயிருக்கும் பிணத்துக்கும் நடுவில் நின்றது.

இன்னொன்றும் சொல்கிறேன், இது மேலாண்மை இல்லையா பாருங்கள். அன்று நான்கு பெரிய கதவுகளையும் தூரத்திலிருந்தே இயக்கி மூடிவிட்டார்கள். பக்கத்துச் சிறு கதவுகள் சிக்கிக்கொண்டன. ஒரு தீயணைப்பு வீரர் கீழே ஓடிப் போய்க் கையால் மூடினார். அலை வருகிறது என்று தெரிந்து, அலையை நோக்கி ஓடியிருக்கிறார்! அந்த மனிதரின் வேலையையும் சேர்த்துத்தான் "பயத்தைக் காசாக்கும் தொழில்" என்று எழுதினீர்கள். வெட்கமாக இல்லை?

கணக்கப்பிள்ளை | பகல் 12:47

அந்த வீரருக்கு நானும் தலை வணங்குகிறேன். அவர் மூடிய பிறகும் தண்ணீர் மேலே வழிந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

காவற்கூண்டு (நெறியாளர்) | பகல் 1:02

நண்பர்களே, தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். தொழில், வயது, கண்ணாடி ஆகியவற்றைத் தவிர்க்கவும்.

கணக்கப்பிள்ளை | பகல் 1:06

நெறியாளர் வந்துவிட்டார், நல்லது. நெருக்கடி மேலாண்மை பற்றிப் பேசும் இதே மன்றத்தில் போன வருஷம் வட்டு பழுதாகி எட்டு மாத இழைகள் காணாமல் போயின. என் வட்டிக் கணக்குத் தொடர் பதினான்கு பகுதி. ஒரு வரி மிச்சமில்லை. தினமும் இரவு பேக்கப் எடுக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னீர்கள். எடுத்ததை எங்கே வைத்திருந்தீர்கள் என்று சபைக்குச் சொல்ல முடியுமா?

காவற்கூண்டு (நெறியாளர்) | பகல் 1:15

இது இந்த இழைக்குத் தொடர்பில்லாதது. அதே வட்டில்தான் வைத்திருந்தோம் என்று அப்போதே சொல்லி மன்னிப்பும் கேட்டாகிவிட்டது. இப்போது வேறு இடத்தில் வைக்கிறோம்.

தீக்குச்சி | பகல் 1:16

சாவியைக் கொண்டுபோய்ப் பூட்டுக்குள்ளேயே வைத்த கதை. பதினான்கு பகுதி போனதில் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் எதுவும் இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

கணக்கப்பிள்ளை | பகல் 1:18

வட்டி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு வருத்தம் வராதுதான்.

நீலாம்பல் | பகல் 2:30

காலையில் கேட்டதையே திரும்பக் கேட்கிறேன். மதகு, ஒத்திகை, தரவரிசை, பேக்கப் எல்லாம் ஒன்றா? வங்கதேசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1970 போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். 1972-இல் புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் தொடங்கி, தன்னார்வலர்கள் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். புயல் காப்பகங்கள் கட்டினார்கள். 2007-இல் சித்ர் புயலும் கடுமையானதுதான், சாவு மூவாயிரத்துச் சொச்சம். அதுவும் அதிகம்தான், ஆனால் மூன்று லட்சம் எங்கே, இது எங்கே? பணக்காரச் சமூகம் தடுமாறுகிற ஒன்றை ஏழைச் சமூகம் எப்படி ஏற்றுக்கொண்டது என்று யாருக்காவது கேட்கத் தோன்றுகிறதா?

மணல்மூட்டை | பிற்பகல் 2:41

அருமையான தகவல் அம்மா. ஆனால் முதலில் "ஊருக்குள்" என்ற சொல்லின் பொருள் தீரட்டும். என் நேர்மையைச் சந்தேகித்தவர் அதைத் திரும்பப் பெறாமல் நான் அடுத்த விஷயத்துக்குப் போக முடியாது.

கணக்கப்பிள்ளை | பிற்பகல் 2:50

நேர்மையை யாரும் சந்தேகிக்கவில்லை. அளவைச் சந்தேகித்தேன்.

நீலாம்பல் கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன், இன்னும் மலிவான உதாரணம் இருக்கிறது. இந்தோனேசியாவின் சிமுலுவே தீவு. 1907-இல் வந்த ஆழிப்பேரலையைப் பாட்டி பேரனுக்குச் சொல்லி, பேரன் அவன் பேரனுக்குச் சொன்னான். நிலம் பெரிதாக ஆடிக் கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு, அவ்வளவுதான் பாடம். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தின் மையம் அந்தத் தீவுக்குப் பக்கம். ஏறக்குறைய 78,000 பேரில் இறந்தது 7 பேர் என்கிறார்கள். மதகு இல்லை. வல்லுநர் இல்லை. 356 கோடி இல்லை. முப்பத்திரண்டு வருஷச் சம்பளமும் இல்லை.

மணல்மூட்டை | பிற்பகல் 3:22

சம்பளத்தை இழுத்தது யார் என்று நெறியாளர் குறித்துக்கொள்ளவும்.

97 வருஷம் விடாமல் ஒரு பாடத்தைச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அதுதானே மேலாண்மை! அது சும்மாவா வந்தது? அந்த 97 வருஷத்தில் எத்தனை முறை நிலம் ஆடிப் பேரலை வராமல் போயிருக்கும்? அப்போது எந்தக் கணக்கப்பிள்ளையாவது "புலி வருது கதை போதும், குழந்தைகளைப் பயமுறுத்தாதீர்கள்" என்று சொல்லியிருந்தால்? அந்தத் தீவில் உங்களைப் போல ஒருவர் இல்லாததுதான் அவர்கள் அதிர்ஷ்டம்.

நவீன சமூகத்தின் கோளாறு வேறு. 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலத்தின் உந்துகலப் பொறியாளர்கள் "இந்தக் குளிரில் ரப்பர் வளையம் விறைத்துவிடும், நாளை ஏவாதீர்கள்" என்றார்கள். எப்போதும் "ஏவினால் ஆபத்தில்லை என்று நிரூபி" என்று கேட்கிற இடம் நாசா. அன்றைக்கு மட்டும் "ஏவினால் ஆபத்து என்று நிரூபி" என்று கேட்டது. மறுநாள் ஏவிய 73 வினாடியில் ஏழு பேர் போனார்கள். ஒவ்வொரு ஆலையிலும் ஒவ்வொரு வாரமும் இது நடக்கும். உற்பத்தியை நிறுத்தச் சொல்கிறவன்தான் சாட்சி கொண்டுவர வேண்டும், ஓட்டச் சொல்கிறவனுக்குச் சாட்சி தேவையில்லை. எங்கள் ஆலையில் ஒரு அழுத்த வால்வைப் பற்றி நான் எழுதிய குறிப்பு பதினொரு மாதம் ஒரு மேசையில் இருந்தது. அந்த வால்வு வெடித்ததா என்று கேட்பீர்கள். வெடிக்கவில்லை. பதினோராவது மாதம் மாற்றிவிட்டார்கள். கழற்றிப் பார்த்தால் உள்ளே சுருள்வில் துருப்பிடித்து இரண்டு துண்டு. அதை என் மேசைமேல் கொண்டுவந்து வைத்த இளைஞன் கேட்டான், "சார், வெடிக்கலையே, அப்போ இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்குமோ?"

கணக்கப்பிள்ளை | பிற்பகல் 3:30

கதை நன்றாக இருக்கிறது. வழிந்ததா?

இரவுப்பணி | மாலை 5:48

எழுந்துவிட்டேன். இன்னுமா இதே சொட்டு?

ஒரு விஷயத்தைத் தொடவே இல்லை யாரும். கையிருப்பு வைப்பது வீண் என்று நவீனத் தொழில் முடிவு கட்டிவிட்டது. தேவைப்படும் நேரத்தில் தேவைப்படும் அளவு, அதற்கு மேல் ஒரு பெட்டிகூட வேண்டாம். இந்தப் பாடத்தை உலகுக்குச் சொல்லிக்கொடுத்த டொயோட்டாவே 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு காருக்கான மின்னணுச் சில்லுகளை இரண்டு முதல் ஆறு மாதத்துக்குக் கையிருப்பு வைக்கும்படி வழங்குநர்களிடம் சொன்னது. 2021-இல் மற்ற கார் நிறுவனங்கள் சில்லு இல்லாமல் தவித்தபோது அதுதான் முதலில் கை கொடுத்தது.

கணக்கப்பிள்ளை | மாலை 5:55

அதே 2021 செப்டம்பரில் டொயோட்டாவும் உலக உற்பத்தியை 40 சதவீதம் குறைத்தது. அதையும் சொல்ல வேண்டும் இல்லையா? கையிருப்பும் வழிந்தது.

தீக்குச்சி | மாலை 5:57

"கையிருப்பும் வழிந்தது." இவர் இனி இந்தச் சொல்லை விடமாட்டார். குழுவில் இப்போது பத்தொன்பது பேர்.

இரவுப்பணி | மாலை 6:04

சரி, எனக்கு ஒரு சின்ன விஷயம்தான். காவற்கூண்டு அண்ணே, இப்போது பேக்கப்பை வேறு இடத்தில் வைப்பதாகச் சொன்னீர்கள். நல்லது. அதிலிருந்து ஒரு முறையாவது மீட்டுப் பார்த்திருக்கிறீர்களா? எடுப்பது பாதி வேலை. திறந்து பார்க்காத பேக்கப்பை எங்கள் தொழிலில் பேக்கப் என்று சொல்வதில்லை.

காவற்கூண்டு (நெறியாளர்) | மாலை 6:31

நியாயமான கேள்வி. இதுவரை மீட்டுப் பார்த்ததில்லை. இன்று இரவு 9 மணிக்குச் செய்துவிடுகிறேன். அதற்காக மன்றம் சுமார் ஒரு மணி நேரம் நிற்கும்.

மணல்மூட்டை | மாலை 6:38

இன்றைக்கேவா? கணக்கப்பிள்ளைக்கு விரிவான பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன், பாதியில் நிற்கிறது. ஒன்பது மணிக்குள் முடியாது. மன்றம் இப்போது நன்றாகத்தானே ஓடுகிறது? வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாமே.

கணக்கப்பிள்ளை | மாலை 6:40

இந்த ஒரு விஷயத்தில் அவரோடு உடன்படுகிறேன். பதிலைப் பார்க்காமல் நானும் தூங்கப் போவதில்லை.

காவற்கூண்டு (நெறியாளர்) | மாலை 6:52

சரி, இரண்டு பேரும் சொல்வதால் ஒத்தி வைக்கிறேன். வாரக் கடைசியில் பார்ப்போம்.

நீலாம்பல் | மாலை 6:55

எந்த வாரக் கடைசி?

மணல்மூட்டை | இரவு 9:20

கணக்கப்பிள்ளைக்கு. "ஊர்" என்ற சொல்லுக்கு மக்கள் குடியிருக்கும் இடம் என்றுதான் பொருள். ஆற்றுப் படுகையில் யாரும் குடியிருப்பதில்லை. மதகைத் தாண்டிய தண்ணீர் ஆற்றுப் படுகையோடு நின்றுவிட்டது. ஆகவே ஊருக்குள் ஒரு சொட்டும் போகவில்லை. இது முதல் பகுதி. இன்னும் ஆறு பகுதி இருக்கிறது.

கணக்கப்பிள்ளை | இரவு 9:24

தாண்டிய தண்ணீர் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். படம் பிடித்து வைத்துக்கொண்டேன்.

எழுத்துப்பிழை | இரவு 9:31

கதவணை.